விளையாட்டுக்குச் சொன்னது

வூனிமாரா, லாவுத் தீவுகள், ஃபிஜி
9 பிப்ரவரி 2015

சூவாவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே இடுப்பு பெருத்துப்போன என் அத்தை மகள் தோரிக்காவுக்கு,

மாமன் மகள் உனைசி எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அத்தையின் சர்க்கரை எப்படி இருக்கிறது? அவர் ஒளித்துவைத்துத் தின்னும் பன்னை நீ பிடுங்குகிறாயா, இல்லை பாதி பங்கு கேட்கிறாயா?

உங்கள் ஆய்வு நிலையம் அனுப்பிய பெட்டிகள் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தன. டேப்லெட்டுகள், வெயிலில் மின்னேற்றும் தகடு, கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருளுக்கு ஒரு கையேடு. தலைமை ஆசிரியர் அவற்றை விருந்தாளிபோல வரவேற்றார். யாங்கோனா வேரைக் கரைத்து, முதல் சிரட்டையைப் பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "குடிக்கலையே. அப்ப இது நம்ம ஊர்ல வாத்தியாரா நிலைக்காது" என்றார்.

விடை சரியென்றால் அது 'டிங்' என்கிறது. பிள்ளைகள் டிங் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவ்வளவு கல்லூரிப் படிப்பு படித்த நான் இப்போது இரண்டாவது டீச்சர்.

போனில் பேசலாமே என்பாய். மலையேறினால்தான் சிக்னல். அங்கே எனக்கு முன்னால் மூன்று பேர் நின்று தங்கள் காதலைக் கத்திக்கொண்டிருப்பார்கள். கடிதமே மேல்.

ஒன்று மட்டும் நேராகச் சொல். பிள்ளைகள் குறைவாக உள்ள தீவுப் பள்ளிகளில் ஏழாம், எட்டாம் வகுப்புகளை எடுத்துவிடப் போவதாகப் பேச்சு. எடுத்துவிட்டால் பன்னிரண்டு வயதில் எல்லோரும் சூவா விடுதிக்குப் போக வேண்டும். என் வானி அடுத்த வருடம் ஏழாம் வகுப்பு. அவள் அப்பா இறந்ததிலிருந்து என் முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். உங்கள் சோதனைக்கும் இந்தப் பேச்சுக்கும் தொடர்பு உண்டா?

உன் மெலிந்த மாமன் மகள்,
உனைசி

*

சூவா
27 பிப்ரவரி

பிள்ளைகளைவிட அதிகமாக வகுப்பில் கொட்டாவி விடும் மாமன் மகளுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். பன்னைப் பங்கு போடுவதில் உன்னைவிட நான் நேர்மையானவள். மாமாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். வானிக்கு ஒரு ஜோடி செருப்பு. உனக்கு ஒன்றுமில்லை.

வேலையைச் சொல்கிறேன். எட்டுத் தீவுப் பள்ளிகள். நான்கில் மென்பொருள், நான்கில் வழக்கம்போல் கரும்பலகை. ஆகஸ்டில் எல்லோருக்கும் ஒரே தேர்வு, அதுவும் டேப்லெட்டில்தான். மதிப்பெண் ஏறினால் ஏன் ஏறியது, ஏறாவிட்டால் ஏன் ஏறவில்லை என்று கண்டு எழுதுவது நான். வூனிமாரா டீச்சர் என் மாமன் மகள் என்று மேலாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "தோரிக்கா, இந்த நாட்டுல உனக்குச் சொந்தமில்லாத பள்ளிக்கூடம் ஒண்ணு காட்டு, அங்க அனுப்புறேன்" என்று சிரிக்கிறார்.

டேப்லெட்டிலிருந்து வரும் கணக்கு எத்தனை சரி, எத்தனை தப்பு என்று சொல்லும். பிள்ளைகள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று சொல்லாது. அதை நீ எனக்கு எழுது. அறிக்கைபோல வேண்டாம். பாயில் படுத்துக்கொண்டு நாம் பேசுவதுபோல எழுது.

நீ கேட்ட மற்றது மேலிடத்து விஷயம். வானியின் கால் அளவு சரிதானா?

அழகான அத்தை மகள்,
தோரிக்கா

*

வூனிமாரா
20 மார்ச்

ஊரார் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுப் பிழைக்கும் பெரிய அதிகாரிக்கு,

செருப்பு ஒரு விரல் பெரிது. வளர்ந்துவிடுவாள். தைலம் தேய்த்த அப்பா பக்கத்தில் ஈ வருவதில்லை, விருந்தாளியும் வருவதில்லை. அத்தைக்கு என் முத்தங்கள்.

பாயில் படுத்துக்கொண்டு சொல் என்றாயே, கேள். எசாலா என்று ஒருவன், ஆறாம் வகுப்பு. ஒரு ஈரப்பலாவைச் சரிபாதியாக வெட்டச் சொன்னால் மூன்று துண்டாக்குவான். டிங் டீச்சர் அவனைப் பின்னக் கணக்கில் மேதை என்கிறது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"எசாலா, இதை நீயா போட்டே?"

"நான்தான் டீச்சர். கை என்னோடது. மூளை மாரிக்காவோடது."

மாரிக்காவைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. "அவன் கேட்டான், குடுத்தேன். கேக்கறவனுக்கு இல்லேன்னு சொன்னா எங்க அம்மா தோலை உரிச்சிடுவாங்க டீச்சர்."

இப்படி வளர்த்த பிள்ளைகளிடம், அவரவர் கணக்கை அவரவர் போடுங்கள் என்று எந்த நாட்டிலிருந்தோ ஒரு பெட்டி வந்து சொல்கிறது. தெரிந்தவன் கைக்கு டேப்லெட் போய்க்கொண்டே இருக்கிறது. மாலையில் எல்லோரும் மேதை.

நானோ ராணி. காலையில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு மூலையில் பாய் விரித்துப் படுத்துவிடுகிறேன். மெஷின் பாடம் நடத்துகிறது, நான் குறட்டை விடுகிறேன். மணி அடித்தால் எழுந்து மரவள்ளிக்கிழங்கு தின்கிறேன். பிள்ளைகள் ஒருவர் விடையை ஒருவர் திருடுகிறார்கள். எல்லாம் உன் அம்மா பிறந்த ஊரின் ரத்தம். திருட்டு இங்கே விளைந்து சூவாவுக்கு ஏற்றுமதியாகிறது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் புதுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனாயே, மறந்துவிட்டதா? மாமன் ஊரில் எதை எடுத்தாலும் உனக்கு உரிமை, நாங்கள் வாய் திறக்கக் கூடாது. ஆனால் ராணி இப்போது கிழிந்த பாயில் குறட்டை விடுகிறாள்.

ஏழாம் வகுப்பு பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை.

உனைசி

*

சூவா
10 ஏப்ரல்

குறட்டை ராணிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் சுகமென்று உன் குறட்டையிலிருந்தே தெரிகிறது.

அலுவலகத்தில் மேசைமேல் தலையை வைத்துச் சிரித்தேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு அவளுக்கும் படித்துக் காட்டினேன். அவளும் லாவுக்காரிதான். மற்ற டீச்சர்கள் அனுப்புவதில் 'மாணவர் ஆர்வம் திருப்திகரம்' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. நீ இப்படியே எழுது. எவ்வளவு மோசமாகச் சொல்கிறாயோ அவ்வளவு நல்லது.

அம்மா பாயை ரசிக்கிறாள். திருப்பித் தரும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

தோரிக்கா

*

வூனிமாரா
22 மே

அன்புள்ள தோரிக்கா,

அத்தைக்குக் காய்ச்சல் என்று படகுக்காரர் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறார்? உடனே எழுது.

இந்தக் கடிதம் விளையாட்டு இல்லை. நமக்குள் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பார்.

டேப்லெட் கைமாறுவதை நான் தடுத்துப் பார்த்தேன். முடியவில்லை. தடுத்தால் பிள்ளைகள் என்னைக் கஞ்சத்தனம் சொல்லிக்கொடுப்பவளாகப் பார்த்தார்கள். அதனால் மாற்றினேன். மூன்று பேருக்கு ஒரு டேப்லெட். விடை தெரிந்தவர் அதைத் தொடக் கூடாது. தெரியாதவருக்குப் புரியும்வரை வாயால் சொல்ல வேண்டும். புரியாதவர் விரல்தான் விடையை அமுக்கலாம். முதல் வாரம் சந்தைச் சத்தம். இப்போது எசாலா பின்னங்களைக் கூட்டுகிறான். தரையில் கூழாங்கல் வைத்துச் சோதித்தேன். நிஜமாகவே கூட்டுகிறான். நான் வகுப்பில் உட்காருவதே இல்லை. குழுவுக்குக் குழு குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போகிறது.

ஆனால் மென்பொருளில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. விடை சொல்ல நேரமானால் அது பிள்ளைக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டிக் கீழ்ப் படிக்கு இறக்கிவிடுகிறது. நிதானமாக யோசிக்கும் பிள்ளையும் இறங்குகிறது, பக்கத்தில் இருப்பவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையும் இறங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு நான்கு பொத்தானையும் படபடவென்று தட்டுகிறவன் மேலே போகிறான். வானியை மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு இறக்கிவிட்டது. "அம்மா, யோசிச்சா தப்பா?" என்று கேட்டாள். 

இதை உன் அறிக்கையில் எழுது. எல்லாப் பள்ளிக்கும் இதை வாங்குவதற்கு முன்னால் யாராவது சொல்ல வேண்டும். எங்கள் மதிப்பெண் டேப்லெட்டில் குறைவாகத் தெரியும். அதற்கு இதுதான் காரணம். உண்மையில் பிள்ளைகள் கற்றிருக்கிறார்கள்.

இதைக் கேட்பது மூன்றாவது முறை: இந்தச் சோதனையை வைத்துத்தான் ஏழாம், எட்டாம் வகுப்புகளை முடிவு செய்யப் போகிறார்களா?

உனைசி

*

சூவா
3 ஜூலை

அன்புள்ள உனைசி,

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உன் கடிதம் கிடைத்தது. பயனுள்ள தகவல். மென்பொருள் நிறுவனத்தார் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள், ஓட்டலுக்கும் அலுவலகத்துக்கும் நடந்து கால் போகிறது. அடுத்த இரண்டு வருடத்துக்கும் ஆய்வை எங்களுக்கே தரலாம் என்கிறார்கள். மாமாவுக்கு இன்னொரு தைலம் அனுப்புகிறேன். நீ கவலைப்படாதே.

அவசரத்தில்,
தோரிக்கா

*

வூனிமாரா
28 ஆகஸ்ட்

அன்புள்ள தோரிக்கா,

நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும்.

தேர்வு முடிந்தது. மூன்று படகு வந்துவிட்டது, உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. மலையேறி அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை அதிகம்போல. எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னாய் என்பதையாவது எழுது.

உனைசி

*

வூனிமாரா
16 அக்டோபர்

தோரிக்கா,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனம் வரவில்லை. அத்தைக்கு மட்டும் என் அன்பைச் சொல்.

நேற்றுப் பள்ளிக் குழு கூடியது. அப்பாதான் தலைவர் என்பது உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்புப் பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். கல்வி அலுவலகத்தின் முடிவும் அதோடு உன் அறிக்கையில் எங்கள் பள்ளி பற்றிய பக்கமும் வந்திருந்தன. தலைமை ஆசிரியர் ஒவ்வொரு வரியாக நம் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார்.

'இப்பள்ளியின் ஆசிரியை, டேப்லெட்டுகளைக் கொடுத்துவிட்டு வகுப்பறையில் படுத்து உறங்குவதாகத் தாமே தெரிவித்துள்ளார். மணி அடித்த பின்னரே எழுவதாகவும், மாணவர்கள் விடைகளைத் திருடுவதாகவும் கூறியுள்ளார்.'

முதலில் சிரித்தது அப்பா. "மாமன் மக அத்தை மககிட்ட அளக்கற மாதிரியில்ல இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் தோரிக்கா. ஒரு நொடி, நீ ஏதோ குறும்பு செய்திருக்கிறாய் என்றுகூட நினைத்தேன்.

தலைமை ஆசிரியர் சிரிக்காமல் அடுத்த வரிக்குப் போனார். 'ஆகவே இங்கு மென்பொருள் பயன் தராததற்கு மென்பொருள் காரணமன்று. மேற்பார்வை செய்யாத ஆசிரியரே காரணம். இப்பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளைத் தொடரப் பரிந்துரைக்க இயலவில்லை.'

சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை. மாரிக்காவின் அம்மா என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "டீச்சர், நீங்க தூங்குனீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டார்கள். "டீச்சர் எப்ப தூங்குனாங்க? உக்காரவே மாட்டாங்களே." ஊர் அவர்களை நம்புகிறது. அலுவலகம் உன்னை நம்புகிறது.

அந்தப் பக்கத்தைப் பிறகு நானே வாங்கிப் படித்தேன். மூன்று பேருக்கு ஒரு டேப்லெட் என்பது இல்லை. கூழாங்கல் இல்லை. யோசிக்கிற பிள்ளையைக் கீழே தள்ளுகிறது என்பதும் இல்லை. மே மாதம் நான் எழுதவே இல்லை என்பதுபோல இருக்கிறது.

ஜனவரியில் ஒன்பது பிள்ளைகள் விடுதிக்குப் போக வேண்டும். மேல்முறையீட்டுக்கு நவம்பர் கடைசிவரை நேரம் தந்திருக்கிறார்கள். அதற்கு முன் உன் வாயால் ஒரு காரணம் சொல்.

உனைசி

*

சூவா
30 அக்டோபர்

உனைசி,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ நினைப்பதுபோல இல்லை. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மேலாளரிடம் கொடுத்தேன், மே மாதக் கடிதத்தையும். நேரக் கோளாறு பற்றி நான் எழுதிய பகுதியை நிறுவனத்தார் ஏற்கவில்லை. ஒரு டீச்சரின் கடிதத்தைத் தவிர ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். மார்ச் கடிதத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வரைவு மேலாளர் எழுதியது. கையெழுத்து மட்டும் என்னுடையது.

உன் பெயரை எங்கும் போடவில்லை, அதைக் கவனித்தாயா?

எந்தெந்தப் பள்ளியில் வகுப்பை மூடுவது என்ற பட்டியல் ஜனவரியிலேயே இருந்தது. சோதனைப் பள்ளிகளுக்கு மட்டும் எங்கள் அறிக்கை வரட்டும் என்று காத்திருந்தார்கள். இதை உன்னிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொல்லியிருந்தால் நீ இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கவும் மாட்டாய்.

மேல்முறையீடு போட்டால் கடிதம் யார் யாருக்கு எழுதியது என்ற விசாரணை வரும். அடுத்த இரண்டு வருட வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. அம்மாவின் வைத்தியம் அதில்தான் நடக்கிறது. விடுதி ஒன்றும் நரகமில்லை. நானும் பன்னிரண்டு வயதில் விடுதிக்குப் போனவள்தானே? வானி பக்கத்தில் இருந்தால் நான் பார்த்துக்கொள்வேன்.

யோசித்துச் செய்.

தோரிக்கா

*

வூனிமாரா
13 நவம்பர்

தோரிக்கா,

யோசித்தேன். நேரமெடுத்துத்தான் யோசித்தேன்.

போன வாரம் தெற்குத் தீவுப் பள்ளியின் டீச்சர் படகில் வந்திருந்தாள். அங்கேயும் மென்பொருள் சோதனைதான். "எங்க பசங்களும் அதேதான் அக்கா, தெரிஞ்சவன் கைக்கு டேப்லெட் போயிடும். நான் சூவாவுக்கு எழுதியும் போட்டேன்" என்றாள். அவர்கள் மதிப்பெண்ணும் ஏறவில்லை. அவர்கள் பள்ளி பற்றிய பக்கத்தில் 'நடைமுறைச் சிரமங்கள்' என்று மட்டும் இருக்கிறதாம். அவர்களுக்கு ஏழாம் வகுப்பு இருக்கிறது.

மென்பொருளைக் காப்பாற்ற யாராவது ஒரு டீச்சர்மேல் பழி போட வேண்டியிருந்தது. நால்வரில் என்னை ஏன் எடுத்தாய் என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டேன். மற்ற ஊர்க்காரர்கள் புகார் கொடுப்பார்கள். இது உன் மாமன் ஊர். இங்கே நீ எதை எடுத்தாலும் யாரும் கேட்க மாட்டோம் என்று உனக்குத் தெரியும்.

பாயை எடுத்தாய், பன்றிக்குட்டியை எடுத்திருக்கிறாய், என் கல்யாணத்துக்குச் சீராக வந்த துணியைக்கூட எடுத்தாய். ஒருநாளும் மனம் கோணியதில்லை. எடுப்பதற்கு நீ இருக்கிறாய் என்பதே சந்தோஷமாக இருந்தது. நாம் இருவரும் ஒருவரையொருவர் என்ன திட்டினாலும் அது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் இத்தனை வருடமும் திட்டிக்கொண்டோம். அதை எழுதியவளுக்கும் படித்தவளுக்கும் மட்டும்தான் அது விளையாட்டு என்று தெரியும். அதைத் தெரிந்த இருவரில் ஒருத்தி நீ.

அப்பா வேண்டாம் என்கிறார். "தங்கச்சி மகமேல எப்படிம்மா பிராது குடுக்கறது?" என்று கேட்டார். பிராது உன்மேல் இல்லை, அறிக்கைமேல் என்று சொல்லிவிட்டேன். மேல்முறையீட்டை எழுதி முடித்துவிட்டேன். தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டிருக்கிறார். இந்தக் கடிதம் முதலில் உனக்கு வரட்டும், அதை அடுத்த படகில் அனுப்புகிறேன். அதுதான் கெடுவுக்கு முந்திய கடைசிப் படகு. உனக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனமில்லை, அதனால் சொல்கிறேன்.

உனைசி

*

வூனிமாரா
29 நவம்பர்

மதிப்பிற்குரிய தோரிக்கா அவர்களுக்கு,

தாங்கள் சுகமென்று அத்தை சொல்லித் தெரிந்துகொண்டேன். இங்கும் சுகம்.

வெள்ளிக்கிழமை மேல்முறையீட்டோடு படித்துறையில் நின்றிருந்தேன். படகிலிருந்து அத்தை இறங்கினார். பின்னால் உங்கள் அண்ணன், துணியில் சுற்றிய ஒன்றை மார்போடு அணைத்தபடி. சுற்றியிருந்தாலும், மன்னிப்புக் கேட்கக் கொண்டுவரும் திமிங்கிலப் பல்லின் வடிவம் யாருக்குத் தெரியாது? படகுக்காரர்கூடத் தொப்பியை எடுத்தார். "கொஞ்சம் நில்லுங்க டீச்சர், முதல்ல வீட்டுக்குப் போங்க" என்றார்.

அப்பாவின் முன்னால் உங்கள் அண்ணன் முழங்காலிட்டு, பல்லை இரு கையாலும் நீட்டி, உங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டார். என்ன குற்றத்துக்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அத்தை தலை நிமிரவில்லை. அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"முடிஞ்சுது. இனிமே இந்த வீட்ல இதைப் பத்தி யாரும் வாய் திறக்கக் கூடாது."

தன் தங்கை கொண்டுவந்த பல்லை அப்பா வாங்காமல் இருக்க முடியாது. வாங்கிய பிறகு நான் ஓர் எழுத்துகூட வெளியே அனுப்ப முடியாது. என் கடிதம் கிடைத்த நாளிலிருந்து படகு புறப்படும் நாள்வரை நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். படகு நேரத்துக்குப் போயிற்று. மேல்முறையீடு என்னிடம் இருக்கிறது.

மன்னிப்புக்காக அனுப்பினீர்கள் என்று நம்பவே விரும்பினேன். அன்று சமையலறையில் சேப்பங்கீரை ஆய்ந்துகொண்டே அத்தை கேட்டார். "சின்ன மனஸ்தாபம்னு சொன்னா, சீக்கிரம் போம்மா, இந்தப் படகை விட்டுடாதேன்னு துரத்தினா. என்னடி அப்படி உங்களுக்குள்ள?" அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. "ஒண்ணுமில்லே அத்தே. நாங்க எப்பவும் இப்படித்தானே" என்றேன். அவர் சமாதானமாகிச் சிரித்தார்.

இனி நாம் விளையாட்டாகப் பேசிக்கொள்ள வேண்டாம். நீங்கள் இங்கே வரும்போது பாய் விரிப்பேன், சமைப்பேன், எந்த மரியாதையும் குறையாது. எடுக்க வேண்டியதைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், அந்த உரிமை உங்கள் பிறப்பால் வந்தது.

ஜனவரிக் கடைசியில் ஒன்பது பிள்ளைகளும் சூவா வருகிறார்கள். விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே விடுவார்களாம். அந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்த வீடு உங்களுடையது ஒன்றுதான். பிரார்த்தனை முடிந்ததும் பசியோடு வருவார்கள். நிறைய சமைத்து வையுங்கள், எசாலா அதிகம் சாப்பிடுவான். வானிக்கு மீன் முள்ளெடுத்துக் கொடுக்க வேண்டும்.

டீச்சர் தூங்கினார் என்று யார் சொன்னது என அவள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் பதில் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. தோரிக்கா அத்தை அங்கேதானே வேலை செய்கிறார், அவருக்குத் தெரிந்திருக்கும், போனதும் கேட்கிறேன் என்கிறாள்.

இப்படிக்கு,
உனைசி
ஆசிரியை, வூனிமாரா